கம்ப்ரஷன் ரேஷியோ கணக்கில் நடக்கும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பழைய கொரோலாவுக்கும் சிட்டி கோல்ஃபுக்கும் இன்ஜின் வேலை செய்கிற தம்பிகளிடம் ரேஷியோ எவ்வளவு என்று கேட்டால், சிலிண்டர் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜில் வந்த பிஎஸ்ஐ எண்ணை, கடல்மட்டக் காற்றழுத்தமான 14.7ஆல் வகுத்துச் சொல்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிஸ்டன் அடியில் நிற்கும்போது இருக்கும் முழு இடத்தை, உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடத்தால் வகுத்தால் வருவதுதான் ரேஷியோ. கேஜ் காட்டுவதோ அழுத்தம். காற்று அமுங்கும்போது சூடேறுவதால் அது கூடும், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வு தாமதமாக மூடும்படி கேம் (வால்வைத் திறந்து மூடும் தண்டு) போட்டிருந்தால் குறையும். ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தம் டர்பனில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான், அதனால் அதே இன்ஜினுக்கு கேஜ் குறைவாகவே காட்டும். அதை நம்பி சிலிண்டர் ஹெட்டின் அடியை இன்னும் ஸ்கிம் செய்து (சீவி), பிளக் பொறி விழும் டைமிங்கையும் ஏற்றிவிட்டு வான் ரீனன் கணவாய் வழியாகக் கடலோர டர்பனுக்கு இறங்கினால், எரிபொருள் தானாகவே வெடிக்கும் நாக் அடித்து பிஸ்டனே போய்விடும்.

அப்புறம் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட். டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ இன்ஜினில் போர் (சிலிண்டரின் விட்டம்) 81, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 77 மில்லிமீட்டர், அதாவது சிலிண்டருக்கு 396.8 சிசி. ஹெட்டில் உள்ள குழியான சேம்பர் 38 சிசி, அமுங்கிய கேஸ்கெட் 6.3, பிளாக்கின் மேல்முகமான டெக்கை விட பிஸ்டன் அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பதால் 2.6, இவற்றைக் கூட்டி பிஸ்டன் தலையில் உள்ள மேடு 4 சிசியைக் கழித்தால் 42.9 என்று வைத்துக்கொள்வோம். ரேஷியோ 10.25. கேஸ்கெட்டை மறந்தால் அதுவே 11.8 ஆகிவிடும், மேட்டைக் கழிக்காமல் கூட்டிவிட்டால் 8.8! கேஸ்கெட் ஓட்டை பெரும்பாலும் போரை விடப் பெரியது, அதையும் அளந்து போடுங்கள்.

சேம்பர் எவ்வளவு குறைந்தது என்று அறிய, ஸ்கிம் செய்த ஆழத்தைப் போர் பரப்பால் பெருக்குவதும் தவறுதான், ஏனென்றால் சேம்பரின் வாய் பொதுவாக முழு வட்டமாக இருக்காது. வால்வும் பிளக்கும் மாட்டி, கிரீஸ் தடவிய பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) தகட்டால் சேம்பரை மூடி, தகட்டின் துளை வழியாக ப்யூரெட் என்ற அளவுக்குழாயால் பாரஃபினை (மண்ணெண்ணெய்) விட்டு, காற்றுக்குமிழி இல்லாமல் நிரம்புவதைப் பாருங்கள். நான்கு சேம்பரையும் அளக்க வேண்டும், ஒன்றை அளந்துவிட்டு மற்றதை ஊகிக்கக் கூடாது.

டர்போ மாட்டினால் ரேஷியோ மாறுவதில்லை. உள்ளே போகும் காற்றுதான் கூடுகிறது, நாக் அபாயமும் கூடவே வரும். அதனால் எரிபொருளையும் டைமிங்கையும் முடிவு செய்யும்போது பூஸ்டை (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) தனியாகக் கணக்கில் எடுங்கள்.