முட்டை கம்மியா வந்தா உடனே "இன்ஃப்ளமேஷன்"னு கிளம்பிடாதீங்க

ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் குழந்தை) சிகிச்சைக்காக பத்து நாளைக்கு மேல வயித்துல ஊசி போட்டு, ஸ்கேனுக்கு அலைஞ்சு, கடைசில ரெண்டே முட்டைதான்னு சொன்னா மனசு விட்டுப்போகும், அன்னிக்கு ராத்திரியே போனும் கையுமா உட்கார்ந்துடுவோம், எங்க தேடினாலும் ஒரே வார்த்தை, இன்ஃப்ளமேஷன், அதாவது உடம்புக்குள்ள வர்ற அழற்சி, அதுதான் முட்டைய குறைக்குதுன்னு. நானும் அதுல விழுந்தவதான்.

சளி இருமலோட போய் சிஆர்பின்னு இன்ஃப்ளமேஷனைக் காட்டற புரோட்டீனுக்கு ரத்த டெஸ்ட் குடுத்தேன். நம்பர் பக்கத்துல தடிச்ச எழுத்துல "ஹை"னு போட்டிருந்தான், ஓவரியே (முட்டை உருவாகற சினைப்பை) வெந்துபோச்சுன்னு அழுதேன். அந்த புரோட்டீன் கல்லீரல்ல உருவாகுறது, பல்லு வீங்கினாகூட ஏறும், உடம்புல எங்கயோ ஏதோ நடக்குதுன்னு சொல்லுமே தவிர எங்கன்னு சொல்லாது. சளி போனதும் திரும்பப் பார்த்தா நார்மல்!

அதுக்காக எல்லாமே கட்டுக்கதைன்னு சொல்லல. எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பை உள்சுவர் மாதிரி திசு வெளிய வளர்ற நோய், இருந்தா ஓவரிய நிஜமாவே பாதிக்கும். ஆனா சாக்லேட் சிஸ்ட் (அந்த நோயால ஓவரில வர்ற பழைய ரத்தம் நிறைஞ்ச கட்டி)னு கேட்டதும் உடனே எடுத்துடுங்கன்னு நிக்காதீங்க, கட்டியோட ஓவரியோட நல்ல திசுவும் கொஞ்சம் சேர்ந்து போயிடும், ஏஎம்ஹெச் (மிச்சம் எவ்வளவு முட்டை இருக்குன்னு காட்டற ஹார்மோன்) இறங்கிடும், ஏற்கனவே கம்மியா இருக்கறவங்களுக்கு அது பெரிய அடி. ஆபரேஷனுக்கு முன்னாடியே முட்டைய எடுத்து வெச்சுக்கலாமான்னு கேளுங்க. டியூப்ல (கருக்குழாய்) நீர் கோத்திருந்தா கதை வேற, அந்த நீர் கர்ப்பப்பைக்குள்ள வடிஞ்சு கரு ஒட்டறதைக் கெடுக்கலாம், அங்க சிகிச்சைய தள்ளிப்போடறதுதான் தப்பு.

இன்னொண்ணு, வீக்கத்தைக் குறைக்கறேன்னு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக்னு சும்மா போடாதீங்க. முட்டை வெளிய வர ஃபாலிக்கிள் (முட்டை இருக்கற சின்னப் பை) உடையறதே ஒருவகை இன்ஃப்ளமேஷன்தான், அந்த நேரத்துல இதைப் போட்டா உடையாமலே போகலாம். ஸ்டீராய்டு, இன்ட்ராலிப்பிட்ங்கற கொழுப்பு டிரிப் எல்லாம் முட்டைய கூட்டும்னு உருப்படியான ஆதாரம் கிடையாது, காசுதான் கரையும். முடிக்குன்னு பயோட்டின் சாப்பிடறீங்களா, ரத்தம் குடுக்கும்போது சொல்லிடுங்க, சில மெஷின்ல ஹார்மோன் ரிசல்ட்டே தப்பா வரும்.

எனக்கு ரொம்ப வலிச்ச தப்பு, "முதல்ல உடம்பை சுத்தம் பண்ணிட்டு வரேன்"னு ஒரு வருஷத்த விட்டது. ஃபாலிக்கிள் வளர்ற கடைசி கட்டம் சுமார் மூணு மாசம், சிகரெட் விடறதோ எடை குறைக்கறதோ அந்தக் கணக்குல பண்ணுங்க, நாப்பதை நெருங்கறவங்க அதுக்கு மேல காத்திருக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுடுங்க. முட்டை கம்மியா வர்றவங்களை வரையறுக்க 2011ல வந்த போலோனியா அளவுகோல்லயே மூணு இல்ல அதுக்கும் கம்மியா முட்டை வந்த ஒரு சைக்கிள் (ஒரு முறை சிகிச்சை) மட்டும் இருந்தா, வழக்கமா பூவர் ரெஸ்பான்ஸ் (ஊசிக்கு ஓவரி சரியா பதில் தரல)னு முத்திரை குத்தறதில்ல, வயசு, ஏஎம்ஹெச் இதுல ஒண்ணாவது சேரணும். என் ஃபைலை வேற டாக்டர் பார்த்துட்டு முதல்ல கேட்டது, ஊசி டோஸ் எவ்வளவு போட்டாங்கன்னுதான், டோஸ் பத்தலன்னாலும் முட்டை கம்மியா வரலாமே.