மூலத் தரவு இல்லாமலே ஒரு மொடலைப் புதிய தரவுக்குப் பழக்குதல்

மிளகாய் இலையின் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் ஒரு மொடல் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பயிற்றியவர்கள் வெள்ளைத் தாளின் மேல் இலையை வைத்துப் படமெடுத்தவர்கள். நீங்களோ சுன்னாகத்துச் செம்மண் தோட்டத்தில், உச்சி வெயிலில், கைத்தொலைபேசியால் எடுக்கிறீர்கள். நோய் மாறவில்லை, பின்னணியும் ஒளியும் மாறியதால் மொடல் தடுமாறுகிறது. மூலப் படங்கள் கிடையா; பயிற்றிய எடைகள் (பயிற்சியில் மொடல் கற்றுக்கொண்ட எண்கள்) மட்டுமே கையில் உண்டு. பைடோர்ச் என்னும் மென்பொருள் நூலகத்தில், படங்களை வகைப்படுத்தும் ரெஸ்நெட் போன்ற நரம்பு வலையமைப்பைக் கொண்டு இதைச் சரிசெய்யும் முறையைப் பார்ப்போம்.

படி 1: புதிய படங்களில் நூறளவை ஒதுக்கி, விவசாயப் போதனாசிரியர் ஒருவரைக் கொண்டு நோயின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இவை அளப்பதற்கு மட்டுமே, பயிற்றுவதற்கு அல்ல.

படி 2: வலையமைப்பினுள் செல்லும் எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் பட்ச் நோர்ம் அடுக்குகள், பழைய படங்களின் சராசரியையும் மாறற்றிறனையும் (எண்கள் சிதறியிருக்கும் அளவையும்) சேமித்து வைத்திருக்கின்றன; வெள்ளைத் தாளில் கணித்த அந்த எண்கள் செம்மண்ணுக்குப் பொருந்துவதில்லை. அந்த எண்களை அழித்து, எல்லாத் தொகுதிகளுக்கும் சம மதிப்பளித்துச் சராசரி எடுக்கும்படி அந்த அடுக்குகளின் மொமென்டத்தை 'None' என வைத்து, அந்த அடுக்குகளை மட்டும் பயிற்சி நிலைக்கு மாற்றி, கிரேடியன்ட் கணிப்பை (எடைகளை எப்படி மாற்றுவது என்ற கணக்கை) நிறுத்திவிட்டு, பெயரிடாத புதிய படங்கள் அனைத்தையும் ஒருமுறை உள்ளே செலுத்துங்கள். எடைகள் எதுவும் மாறா. படங்களை நன்றாகக் கலைத்த பின்னரே செலுத்த வேண்டும். ஒரே தோட்டத்துப் படங்கள் ஒரே தொகுதியில் சேர்ந்தால் மாறற்றிறன் உண்மையைவிடக் குறைவாகவே பதிவாகும். பின்னர் மொடலை மதிப்பீட்டு நிலைக்கு மாற்றி, ஒதுக்கிய படங்களில் அளந்து, ஒரு பிரதியைச் சேமியுங்கள். பலர் இந்தப் படியைத் தாண்டிச் செல்ல அவசரப்படுகிறார்கள். என் கணிப்பில், செலவுக்கேற்ற பயன் இதிலேதான் அதிகம்.

படி 3: போதவில்லையெனில், 2021இல் வெளிவந்த 'டென்ட்' முறையைப் பின்பற்றி, விடைகளின் எந்திரப்பியை (விடையில் மொடலுக்குள்ள தயக்கத்தின் அளவை) குறைக்குமாறு பட்ச் நோர்மின் பெருக்கற் காரணியையும் கூட்டற் காரணியையும் மட்டும் சிறிய கற்றல் வீதத்தில் மாற்றுங்கள். 0.5, 0.3, 0.2 என்று தயங்கிய நிகழ்தகவுகள் ஒரு பக்கம் சாயும். ஆனால் அது சரியான பக்கமா என்பதை எந்திரப்பி அறியாது. கவனிக்காமல் ஓடவிட்டால் எல்லா இலைகளையும் ஒரே நோய் என்று சொல்லும் நிலைக்கும் மொடல் வந்துவிடலாம்.

படி 4: 2020இல் முன்வைக்கப்பட்ட 'ஷொட்' முறை இதற்கு ஒரு தடுப்பு வைக்கிறது. இறுதி வகைப்படுத்தும் அடுக்கை உறையவைத்து, அம்சங்களைப் பிரித்தெடுக்கும் பகுதியை மட்டும் பழக்கும்போது, ஒவ்வொரு படத்துக்கும் விடை உறுதியாக இருக்க வேண்டும் என்பதோடு, மொத்த விடைகள் எல்லா வகைகளுக்கும் பரவ வேண்டும் என்றும் அது கேட்கிறது. அத்துடன் ஒவ்வொரு வகைக்கும் ஒரு மையத்தைக் கணித்து, அருகிலுள்ள மையத்தின் பெயரைப் படத்துக்குத் தற்காலிகமாகச் சூட்டுகிறது. நல்ல தோட்டமொன்றில் பத்து இலையில் ஒன்பது ஆரோக்கியமாக இருக்கக்கூடும். அங்கே சமமாகப் பரவச் சொன்னால் நல்ல இலைக்கும் நோய் ஒட்டப்படும். அத்தகைய தரவில், பரவ வேண்டும் என்ற நிபந்தனைக்குக் கொடுக்கும் நிறையைக் குறைத்துவிடுங்கள்.

ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் ஒதுக்கிய படங்களில் அளந்து, துல்லியம் இறங்கினால் படி 2இன் பிரதிக்கே திரும்புங்கள். மூல மொடல் அறியாத புதிய நோயொன்று தோட்டத்தில் இருந்தால் இவற்றில் எதுவும் உதவாது. அதற்குப் பெயரிட்ட படங்களைச் சேர்த்துத்தான் பயிற்ற வேண்டும்.