சங்கத்துக்கு நிதி கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்க வருபவர்களில் கண்மாய்ச் சங்கத்தாரும் மகளிர் குழுவினரும் உண்டு. அவர்கள் கேட்பதெல்லாம் நியாயமானதுதான். ஆனால் மனு பெரும்பாலும் 'எங்கள் கண்மாய் மடையைச் சரிசெய்ய நிதி ஒதுக்குங்கள்' என்பதோடு நின்றுவிடுகிறது. இதைத்தான் நான் பெரிய தவறு என்பேன். மடை சரியாகிவிடும், சரி. அடுத்த மழையில் கரை அரித்தால் மறுபடியும் மனுவோடு அலைய வேண்டும்.

கேட்க வேண்டியது விதியில் மாற்றம். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலத்தின் அளவுக்கு ஏற்ப ஆண்டுதோறும் பராமரிப்புத் தொகை சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்று கேளுங்கள். இது ஆட்சியரால் முடிகிற காரியமல்ல. துறையிலிருந்து அரசாணை வர வேண்டும், அதற்கு நிதித்துறையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆட்சியரிடம் பரிந்துரை மட்டும் கேட்டால் போதும். எந்தத் துறை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: பொதுவாக ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். மாற்றி அனுப்பிய மனு மேஜை மேஜையாகச் சுற்றும்.

'இது புது வழக்கமாக இருக்கிறதே' என்று அதிகாரி சொன்னால் வாயடைத்து நிற்காதீர்கள். 2017-ல், கண்மாய்களைச் சீரமைக்கும் குடிமராமத்துத் திட்டத்தில் விவசாயிகள் 10 சதவீதம் பங்கு போட, அரசே சங்கங்களிடம் வேலையை ஒப்படைத்தது. அந்த முன்னுதாரணத்தை மனுவிலேயே எழுதுங்கள்.

எம்.எல்.ஏ.விடம் தொகுதி நிதி கேட்பதோடு விட்டுவிடுகிறோம். அது கட்டுமான வேலைகளுக்கான பணம். சங்கத்தின் அன்றாடச் செலவுக்கு அதில் வழியில்லை. சட்டமன்றத்தில் துறைவாரியாக நிதி ஒதுக்கீட்டைப் பேசும் மானியக் கோரிக்கை விவாதத்தில், ஆண்டுப் பராமரிப்புத் தொகையைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அவர் கையில் நீளமான மனுவைத் திணிக்காமல், ஒரே பக்கத்தில் உங்கள் சங்கத்தின் மூன்று வருஷ வரவு செலவைக் கொடுங்கள்.

அப்புறம், காலம் தவறக்கூடாது. பட்ஜெட் வழக்கமாக பிப்ரவரி, மார்ச் வாக்கில் வரும். துறைகள் பல மாதம் முன்பே கணக்குப் போடத் தொடங்கிவிடும். அதனால் அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைகளை விட்டுவிடாதீர்கள். ஒரே வாசகத்தில் பக்கத்து ஊர்களும் தீர்மானம் போட்டால் கோரிக்கைக்கு வலு கூடும். கூட்டம் முடிந்து டீ குடிக்கப் போய்விடாமல், தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். நகலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மனு கொடுத்தபின் சும்மா இருப்பதும் தவறுதான். 10 ரூபாய் கட்டி, மனு மீது என்ன நடவடிக்கை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.