மேட்டு ஓரத்தில் விராலி வரிசை: மண்ணில் கார்பன் சேர்க்க ஒரு செய்முறை

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு எதுவும் தேறாத ஒரு துண்டு நிலம் எப்படியும் இருக்கும். பாறை மேல் அரையடி மண், நல்ல சரிவு, மாசி பங்குனி வெயிலில் காய்ந்து கிடக்கும். அந்த இடத்துக்கு என் தேர்வு விராலி. நம் மலையில் தானாகவே வளரும் புதர். இலை பிசுபிசுப்பாக இருப்பதால் ஆடு மாடு அதிகம் வாய் வைக்காது. வேர் பிடித்த பிறகு தண்ணீரும் கேட்காது.

தண்டிலும் வேரிலும் கார்பன் சேரும், உதிரும் இலை மண்ணோடு மட்கும். சரிவில் மேல்மண் மழையோடு போனால் அதிலுள்ள கார்பனும் போய்விடும் என்பதால், மண் நிற்பதைத்தான் நான் முதல் லாபமாகப் பார்க்கிறேன்.

1. இடம்

உண்ணிச்செடி இருந்தால் காய் பிடிக்கும் முன்பே எடுங்கள். மேலே வெட்டினால் திரும்பத் தழைக்கும். தரைக்குக் கீழே 3 முதல் 5 செ.மீ. ஆழத்தில் வேர்க்கழுத்தை வெட்டி, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். கொளுத்த வேண்டாம். புல்லையும் கொத்தி எடுக்க வேண்டாம்.

2. விதை

பலரும் கைவிடுவது இந்த இடத்தில்தான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். றெக்கை வைத்த காய்கள் காய்ந்து காகிதம் போலச் சலசலக்கும்போது பறித்து, கசக்கி, முறத்தில் புடைத்தால் சின்னக் கறுப்பு விதைகள் நிற்கும். அவற்றை அப்படியே விதைத்தால் பெரும்பாலானவை முளைக்காது. விதையில் கோளாறு இல்லை. தோல் கெட்டியானது, தண்ணீரை உள்ளே விடாது.

தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்குங்கள். கொதி அடங்கியதும், விதையைப் போல ஐந்து மடங்கு தண்ணீரை அதன் மேல் ஊற்றி, ஆறவிட்டு, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். அடுப்பில் வைத்து விதையையே கொதிக்கவிட்டால் உள்ளிருக்கும் முளை செத்துவிடும். மலையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். கொடைக்கானல் உயரத்தில் சுமார் 93 டிகிரிதான். அதனால் அங்கே இறக்கியதும் ஊற்றலாம், ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டாம்.

காலையில் பாருங்கள். உப்பியிருக்கும் விதைக்குள் தண்ணீர் போய்விட்டது, அதை உடனே விதைக்கலாம். பழைய அளவிலேயே கிடப்பதைத் தனியாக எடுத்து இன்னொரு முறை வெந்நீர் ஊற்றுங்கள். இரண்டையும் கலந்து விதைத்தால் எது முளைக்கும் என்று தெரியாமல் வீணாகப் பை நிரப்ப வேண்டிவரும்.

3. நாற்று

குட்டைப் பை வேண்டாம். அகலம் குறைந்த, நீளமான பைதான் நல்லது, வேர் அடியில் சுருளாது. தோட்டத்து மண், மணல், கொஞ்சம் தொழுவுரம் போதும்.

4. நடவு

சமமட்டக் கோடு (சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் போகும் கோடு) போட மூன்று குச்சி, ஒரு கயிறு, ஒரு கல் கொண்ட ஏ வடிவச் சட்டமே போதும். கொத்தனாரின் டியூப் லெவலைவிட ஒற்றை ஆளுக்கு இதுதான் வசதி. அந்தக் கோட்டில் இரட்டை வரிசையாக, செடிக்குச் செடி மூன்றடி விட்டு, முக்கோணமாக ஓரடிக் குழி எடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்து, மண் நன்றாக நனைந்த பிறகு நடுங்கள். உரம் வேண்டாம். சருகு மூடாக்கு மட்டும் கட்டாயம் போடுங்கள்.

அப்புறம் கவாத்து செய்தால் வெட்டிய கிளையை அங்கேயே போடுங்கள். விறகுக்குக் கொண்டுபோய் எரித்தால் அந்தக் கார்பன் திரும்பக் காற்றுக்குத்தான் போகும்.

5. கணக்கு

நடுத்தரமான ஒரு செடியை வெட்டி, எடை மாறாத அளவுக்கு உலர்த்தி நிறுங்கள். உலர் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அந்தப் பாதியை 3.67ஆல் பெருக்கினால் கார்பன் டை ஆக்சைடு கணக்கு. உலர் எடை 4 கிலோ என்றால் சுமார் 7 கிலோ. வேர் இதில் சேரவில்லை. இரண்டு ஏக்கருக்கு கார்பன் கிரெடிட் (சேர்த்த கார்பனுக்குச் சான்று வாங்கி விற்பது) பணம் வரும் என்று நம்பி மட்டும் இதில் இறங்காதீர்கள். அளப்பதற்கும் சான்றுக்குமே அதைவிட அதிகம் செலவாகும்.

பிற்சேர்க்கை: கொடைக்கானல் மலையில் மன்னவனூர் பக்கம் புல்வெளியில் நடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து வேண்டாம். சோலைப் புல்வெளியின் (உயர்ந்த மலையில் சோலைக்காட்டை ஒட்டிய இயற்கைப் புல்வெளி) கார்பன் பெரும்பாலும் மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது. சீகையும் (வாட்டில் மரம்) பைனும் நட்டு ஏற்கெனவே நிறையப் புல்வெளியை இழந்திருக்கிறோம்.

இன்னொன்று: கோத்தகிரியில் தேயிலை ஓரத்துக்கு என்ன வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில், தவிட்டுப்பழம். அந்தப் புளிப்பு மண் அதற்குப் பிடிக்கும். விதை ரொம்பப் பொடி, மணலோடு கலந்து தட்டில் தூவுங்கள், மேலே மண் போட்டு மூடாதீர்கள். இதற்கு வெந்நீர் தேவையில்லை.