பழைய காதல் கடிதக் கட்டை என்ன செய்வது?

எழுபது வயதைத் தாண்டிய பலரிடம் இப்படி ஒரு கட்டு இருக்கும். கைகூடாமல் போன காதலின் இன்லண்ட் லெட்டர்கள், ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம், பொங்கல் வாழ்த்து அட்டை ஒன்றிரண்டு. அதை என்ன செய்வது என்பதை உடம்பில் தெம்பு இருக்கும்போதே நீங்களே முடிவு செய்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால், பதினாறாம் நாள் காரியம் முடிந்து பீரோவைக் காலி செய்கிறவர்கள் முடிவு செய்வார்கள்.

கட்டைக் காலை வெளிச்சத்தில் பிரியுங்கள். இரவில் பிரித்தால் தூக்கம் போகும், மங்கலான விளக்கில் மடிப்பும் கிழியும். ஒரு தடவைக்கு ஐந்து கடிதம் போதும். துணையை இழந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர்கள் எதையும் அழிக்கவும் வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். அந்தத் துக்கமும் இந்த ஏக்கமும் அப்போது ஒன்றாகக் கலந்து கிடக்கும்.

துருப்பிடித்த குண்டூசியைப் பிடித்து இழுக்காதீர்கள். துரு காகிதத்தோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் ஓட்டை பெரிதாகும். ஊசிக்கு இருபுறமும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி, ஊசியை லேசாகத் திருகி, துரு விட்டபின் உருவுங்கள். ஸ்டேப்ளர் பின் என்றால் பின்பக்கக் கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்திவிட்டு எடுக்கலாம். இன்லண்ட் லெட்டர் மடிப்பில்தான் முதலில் விடும். விறைத்திருந்தால் இஸ்திரி போடாதீர்கள், தண்ணீரும் தெளிக்காதீர்கள். ஃபவுண்டன் பேனா மை ஈர விரல் பட்டாலே கலங்கிவிடும். மெதுவாகப் பிரித்து, இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே நாலைந்து கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு வாரம் விட்டால் படிந்துவிடும். கிழிந்த இடத்தில் செலோடேப் வேண்டாம். சில வருஷத்தில் பசை பழுப்பாகி எழுத்தில் இறங்கும். லேமினேஷன் அதைவிட மோசம், பிறகு பிரிக்கவே முடியாது.

கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். பசைத்தாள் ஆல்பத்தில் இருந்தால், பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்குப் பின்னால் விட்டு இழுத்தால் கழன்று வரும்.

அடுத்து வரிசைப்படுத்துங்கள். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை, ஆனால் உறுத்தலைக் குறைப்பது இதுதான். தேதி இல்லாவிட்டால் தபால் முத்திரையைப் பாருங்கள். முத்திரை அழிந்திருந்தாலும் முகவரியில் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. 'அன்றைக்கு நான் பஸ் ஏறிப் போயிருந்தால்' என்று ஒரே நாளில் முழுப் பழியையும் போட்டு வைத்திருக்கும் மனசு. வரிசையாகப் படித்தால், அந்த நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கடிதங்கள் சுருங்கி வந்தது தெரியலாம்: நாலு பக்கம் ஒன்றாகி, 'இங்கு அனைவரும் நலம்' என்று முடிந்திருக்கும். மாறாக, தவறு உங்களுடையதுதான் என்றும் தெரியலாம். அப்படியானால் அனுப்பாத கடிதம் ஒன்றை எழுதுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வின் முறை எளிது: தினம் 15 நிமிடம், தொடர்ந்து நாலு நாள், பிழை பார்க்காமல் எழுதுவது. எழுதி முடித்ததும் மனசு கனப்பது சகஜம். ஆனால் தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் மருத்துவரைப் பாருங்கள்; அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணிலும் பேசலாம்.

கடிதத்தைத் திருப்பி அனுப்பும் ஆசை வரும். அந்த வீட்டில் உறையைப் பிரிப்பது யார் என்று நிச்சயமாகத் தெரியாதவரை தபாலில் போடாதீர்கள். ஃபேஸ்புக்கில் போடுவதும் கூடாது. காகிதம் உங்களுடையது, எழுத்தின் காப்புரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்கும்.

வைத்துக்கொள்வதென்றால் பரணும் குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியும் ஆகாது. பீரோவின் நடுத்தட்டில், மூடியுள்ள டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 50 கிராமோடு வையுங்கள். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் சூடாக்கி உலர்த்த வேண்டும். அந்துருண்டை வேண்டாம், அதன் நெடி அடைத்த அறையில் படுப்பவருக்கு நல்லதல்ல. வெள்ளிப்பூச்சி இருந்தால் கடிதங்களைக் காற்றுப் புகாத கவரில் போட்டு ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் கழித்தே கவரைத் திறங்கள். முன்னதாகத் திறந்தால் ஈரம் கோர்க்கும்.

செல்போனில் படம் எடுப்பதாக இருந்தால் ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னலோரம் எடுங்கள். அதற்கு முன் தானியங்கி பேக்கப்பை நிறுத்திவிடுங்கள். பேரன் போட்டுக்கொடுத்த கணக்கில் அது ஏறிவிட்டால், ஒருநாள் குடும்பமே பார்க்கும் நேரத்தில் 'நினைவுகள்' என்று தானாக வந்து நிற்கும்.

அழிப்பதென்றால் எரிக்காதீர்கள். மொட்டைமாடியில் பாதி வெந்த தாள் பறந்து பக்கத்து வீட்டில் விழும், படங்கள் எரிந்தால் நச்சுப்புகை வரும். கடிதங்களைக் கிழித்து ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட்டுக் கையால் பிசைந்தால் கூழாகிவிடும். பால்பாயிண்ட் எழுத்து சீக்கிரம் கரையாது, ஆகவே அந்தத் தாள்களை இன்னும் பொடியாகக் கிழியுங்கள். படங்களைக் கத்தரித்துத் தனியாகக் குப்பையில் போடலாம். இப்போதே அழிக்க மனசு வராதவர்கள், தங்களுக்குப் பின் அழித்துவிடும்படி நம்பகமான ஒருவரிடம் வாயால் சொல்லி வையுங்கள். உறைமேல் 'படிக்காமல் அழிக்கவும்' என்று எழுதினால் கட்டாயம் படிப்பார்கள்.