மரத்தில் மாட்டிக்கொண்ட பூனையை இறக்குவது எப்படி

பூனை மரத்து மேல் உட்கார்ந்து கத்துகிறதா, முதல் வேலை கீழே நின்று "ஐயோ பாவம்" சொல்லும் கூட்டத்தைக் கலைப்பது. தெருநாய் நின்றால் அதையும் விரட்டுங்கள், பெரும்பாலும் அதற்குப் பயந்துதான் ஏறியிருக்கும். பூனையின் நகம் கொக்கி மாதிரி பின்னோக்கி வளைந்தது. ஏறும்போது பட்டையில் நன்றாக மாட்டும், தலையைக் கீழே விட்டு இறங்கினால் பிடிக்காது. வாலை முன்னே விட்டுப் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும், இது குட்டிகளுக்குச் சட்டென்று பிடிபடாது.

அதனால் வளர்ந்த, அடிபடாத பூனை என்றால் சில மணி நேரம் பொறுங்கள். தெரு அடங்கியதும் தானாக இறங்கிவிடுவது நிறைய நடக்கும். ஆனால் குட்டி, காயம், கொளுத்தும் வெயில், காகங்கள் சுற்றிச் சுற்றிக் கொத்துவது, இதில் ஏதாவது இருந்தாலோ ஒரு ராத்திரி கழிந்தும் அங்கேயே இருந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

நெத்திலிக் கருவாட்டைச் சுட்டு அடிமரத்தில் வையுங்கள். வீட்டுப் பூனை என்றால் தினம் சோறு வைக்கிற ஆளே தட்டைத் தட்டிக் கூப்பிடட்டும், மற்றவர்கள் வாயைத் திறக்க வேண்டாம். கிளை தாழ்வாக இருந்தால் நீளப் பலகையில் சாக்கைச் சுற்றிச் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். உயரத்தில் இருந்தால் அதே கிளையில் கயிறு போட்டு, கருவாடு வைத்த பிளாஸ்டிக் கூடையைப் பூனை பக்கத்தில் ஏற்றிக் கட்டிவிடலாம். அது உள்ளே உட்கார மணிக்கணக்காகும், உட்கார்ந்ததும் ஆடாமல் மெதுவாக இறக்க வேண்டும். கல்லெறிவது, கிளையை உலுக்குவது, ஓஸில் தண்ணீர் அடிப்பது எல்லாம் அதை இன்னும் மேலேதான் அனுப்பும்.

ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் முருங்கையில் மட்டும் ஏறாதீர்கள். நான் ஏறினேன், கிளை சொல்லாமல் கொள்ளாமல் முறிந்தது, முழங்கை தோல் உரிந்து கீழே கிடந்தேன், அந்தச் சனியன் பக்கத்துக் கிளையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமரம் என்றால் முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். தென்னையை மரமேறுகிறவரிடம் விட்டுவிடுங்கள். கிளை பக்கமாக மின்கம்பி போனால் ஏணி, துறட்டி எதையும் கொண்டுபோகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். உயரம் கைக்கு மீறியது என்றால் 101 அல்லது 112. தமிழ்நாட்டில் தீயணைப்புத் துறையினர் இதற்கும் வருவார்கள், பூனைக்கா என்று கூச்சப்பட வேண்டாம்.

பூனையைப் பிடிக்கிற இடத்தில்தான் பலரும் சொதப்புவார்கள். தலையணை உறையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் கையுறை மாதிரி கையில் மாட்டிக்கொள்ளுங்கள். முதலில் மோந்து பார்க்க விடுங்கள், கொஞ்சம் தடவிக் கொடுங்கள், அப்புறம் அந்தக் கையால் பிடரியை அழுத்திப் பிடித்து, மறு கையால் உறையை அதன் மேல் உருட்டி இழுத்து உறையின் வாயைக் கட்டிவிடுங்கள். வளர்ந்த பூனையைப் பிடரியில் மட்டும் தொங்கவிடக் கூடாது, வயிற்றுக்கடியில் உடனே தாங்கல் வேண்டும். கீழே நான்கு பேர் போர்வையை விரித்துப் பிடித்திருந்தால் நல்லது.

கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெறிநாய்க்கடி ஊசி பூனைக்கடிக்கும்தான். மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

மூட்டையை மரத்தடியில் அவிழ்த்தால் வேதாளம் திரும்ப முருங்கை ஏறிய கதைதான். கதவைச் சாத்திய அறையில் அவிழ்த்து முதலில் தண்ணீர், கொஞ்ச நேரம் கழித்துக் கையளவு சோறு. கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டால் இழுக்காமல் விட்டுவிடுங்கள்.