விமான சிமுலேட்டருக்கான பிராசசர்: கோர்களை விட கேஷைப் பாருங்கள்

விமான சிமுலேட்டருக்கென்றே உயர்தரப் பிராசசர் வாங்குபவர்கள் 16 கோர், 24 கோர் என்று தேடாமல், 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) கொண்ட 8 கோர் ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்றதைத் தேர்ந்தெடுத்து, அதற்கு நல்ல இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்றைப் பொருத்தினாலே போதும். சிமுலேட்டரின் வேலையில் பெரும்பகுதி ஒரே மெயின் த்ரெட்டில் (ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டும் ஓடும் கட்டளை வரிசை) ஓடுவதால் கூடுதல் கோர்கள் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். ஆனால் தேவையான தரவு பெரிய கேஷிலேயே கிடைத்துவிட்டால், ஒவ்வொரு முறையும் ரேமுக்காகக் காத்திருக்கும் நேரம் குறைந்து, நெரிசலான விமான நிலையங்களின் மேல் பறக்கும்போதுகூடக் காட்சி திக்காமல் நகரும். இந்தப் பிராசசரின் டிடிபி (கூலர் வெளியேற்ற வேண்டிய வெப்பத்தின் அளவு) 120 வாட் மட்டுமே என்பதால் 360 மிமீ லிக்விட் கூலருக்கான செலவு மிச்சமாகும். கூடுதல் கேஷ் சில்லு பிராசசர் சில்லின் மேலே அடுக்கப்பட்டிருப்பதால் வெப்பம் சற்றே தடைபட்டு வெளியேறும். எனவே வெப்பநிலை 80 டிகிரியைத் தொட்டாலும் பதற வேண்டியதில்லை, இதன் வரம்பு 89 டிகிரி.

4கே திரையில் உச்ச அமைப்புகளில் பறப்பவர்களுக்குத் தடை பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டில்தான் இருக்கும் என்பதால், இந்தக் குறிப்பு அவர்களுக்கு அதிகம் உதவாது. அதே கணினியில் வீடியோ ரெண்டரிங்கும் செய்பவர்களுக்குக் கூடுதல் கோர்கள் அவசியம். 253 வாட் வரை இழுக்கும் கோர் ஐ9-14900கே போன்றவற்றுக்குப் பெரிய லிக்விட் கூலரைத் தவிர்ப்பதும் கடினம்.